கலிம்னோஸா, சார்டீனியாவா, சிசிலியா, மயோர்க்காவா: கைடோடு பாறை ஏற எந்தத் தீவு?

போன மாதம் ஒரு இரவு என் தங்கை போன் செய்தாள். "அண்ணா, பத்து நாள் லீவு கெடச்சிருக்கு, மத்தியதரைக் கடல்ல ஏதாவது ஒரு தீவுக்குப் போய் கைடு வெச்சு கிளைம்பிங் பண்ணலாம்னு இருக்கோம், எந்தத் தீவுன்னு சொல்லு." பக்கத்துத் தெருவில் எந்தக் கடையில் பால் வாங்குவது என்று கேட்கிற தொனி. அவளும் அவள் தோழியும் பெங்களூரில் ஒன்றரை வருடமாக கிளைம்பிங் ஜிம்மில் ஏறுகிறார்கள், ராமநகரத்துக் கருங்கல் பாறைகளில் ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமைகள் கழித்திருக்கிறார்கள். கூட வரப்போகும் மாப்பிள்ளை ஏறுவதில்லை. மூன்றாவது மாடி பால்கனியிலேயே சுவரோரமாக நிற்கிற ஆள்.

வேலைக்காக ஆறு வருடம் ஜெர்மனியில் இருந்தபோது இந்த நான்கு தீவுகளுக்கும் போயிருக்கிறேன். இரண்டு முறை கைடோடு, மற்றபடி நண்பர்களோடு. போனில் சொல்லி முடிக்க முடியாமல் அவளுக்கு நீளமாக எழுதி அனுப்பினேன், அதைத்தான் கொஞ்சம் சீர்செய்து இங்கே போடுகிறேன். எல்லாரும் தீவை வைத்து முடிவெடுக்கிறார்கள்: கடல் எவ்வளவு நீலம், சாப்பாடு எப்படி, போட்டோ எப்படி வரும் என்று. ஆனால் கைடோடு போகும்போது நாம் காசு கொடுத்து வாங்குவது தீவை அல்ல, கைடின் மணிநேரங்களை. காலை 9 மணிக்குச் சந்தித்து மாலை 4 மணிக்குப் பிரிந்தால் ஏழு மணிநேரம். அதில் எவ்வளவு நேரம் கை பாறையில் இருக்கிறது, எவ்வளவு நேரம் காரிலும் படகிலும் வெயில் இறங்கக் காத்திருப்பதிலும் மற்றவர் முறை முடியக் காத்திருப்பதிலும் போகிறது என்று கணக்குப் போட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

கலிம்னோஸிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கில் அதை அடிக்க இன்னொரு தீவு இல்லை. ஏஜியன் கடலின் தென்கிழக்கு மூலையில், துருக்கிக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிற கிரேக்கத் தீவு. மொத்தமே சுமார் 110 சதுர கிலோமீட்டர். 1996-இல் விடுமுறைக்கு வந்த ஆந்திரேயா தி பாரி என்ற இத்தாலியக் கிளைம்பர் இங்கிருக்கும் சுண்ணாம்புக்கல் சுவர்களைப் பார்த்து அசந்துபோய், திரும்பி வந்து ஏறுவதற்கான முதல் வழிகளுக்கு போல்ட் (கயிற்றை மாட்டப் பாறையில் பதிக்கும் உலோக ஆணி) அடித்தார். இன்றைக்கு 3,000-க்கு மேல் வழிகள் இருக்கின்றன. அதற்கு முன்னால் இது கடற்பஞ்சு எடுக்கிறவர்களின் தீவு. தட்டையான கல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் கனத்தில் கடலடிக்குப் போய் பஞ்சை அறுத்துக்கொண்டு வருவார்கள், மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லோடு இறங்கியது போலவே. 1980-களில் பஞ்சுகளுக்கு நோய் வந்து அந்தத் தொழில் ஒடுங்கியது, பத்துப் பதினைந்து வருடத்தில் மலைச்சுவர் சோறு போட ஆரம்பித்துவிட்டது. ஓய்வு நாளில் பொத்தியா என்ற துறைமுக ஊருக்குப் போனால் அந்தப் பழைய முக்குளிப்பு உடைகளையும் செம்புத் தலைக்கவசங்களையும் பார்க்கலாம்.

கிளைம்பர்கள் தங்குவது பொத்தியாவில் அல்ல, மேற்குக் கரையில் இருக்கும் மசூரி என்ற ஊரில் (உத்தரகண்ட் மசூரி இல்லை, பெயரைக் கேட்டதும் தங்கை ஒரு நிமிடம் குழம்பினாள்). ஒற்றைத் தெரு. ஒரு பக்கம் கடல், எதிரே டெலெண்டோஸ் என்கிற குட்டித் தீவு, மறுபக்கம் தலைக்கு மேலே நேராகச் சுவர். அறையின் பால்கனியில் காபி குடித்துக்கொண்டே கிராண்டே குரோட்டா என்ற பிரம்மாண்டமான குகையையும் அதன் கூரையிலிருந்து தொங்கும் கல் விழுதுகளையும் பார்க்கலாம். அங்கே போக அரை மணி நேர ஏற்றம்தான். காரே தேவையில்லை. கைடு 9 மணிக்கு வாசலில் நிற்பார், 9:40-க்கு முதல் ஆள் கயிற்றில். நான் அங்கே போன வாரத்தில் ஒரு நாளுக்கு ஏழு, எட்டு வழிகள் ஏறினேன், வேறெந்தத் தீவிலும் அதில் பாதிதான்.

இன்னொன்று, வெயில். மசூரிக்கு மேலே இருக்கும் பெரும்பாலான சுவர்கள் மேற்கைப் பார்த்தவை, அதனால் மதியம் 1 மணி வாக்கில் வரைக்கும் நிழல். அதற்குப் பிறகு வெயில் அப்படியே நெற்றியில் அடிக்கும், ஆனால் கொஞ்ச தூரத்திலேயே வேறு திசை பார்த்த சுவர்கள் இருப்பதால் கைடு ஆளை நகர்த்திக்கொண்டே இருப்பார். ஊர் கைடுக்கும் வெளிநாட்டிலிருந்து ஒரு வாரத்துக்கு வந்து இறங்கும் கைடுக்கும் இங்கேதான் வித்தியாசம் தெரியும். எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு நிழல் வரும், எந்தச் சுவரில் எத்தனை மணிக்குக் கூட்டம் வரும் என்பது ஊர்க்காரருக்குத்தான் விரல் நுனியில் இருக்கும்.

பாறையைப் பற்றியும் சொல்லவேண்டும். ராமநகரத்துக் கருங்கல்லில் ஏறினவர்களுக்குக் காலை நம்பத் தெரியும், சரிவில் ஷூவின் உராய்வை வைத்தே நிற்கத் தெரியும். கலிம்னோஸில் அது பாதிதான் உதவும். இங்கே சுண்ணாம்புக்கல் உருகி வழிந்த மெழுகு போல விழுது விழுதாக முன்னால் வந்து நிற்கும், அதை மரத்தைக் கட்டிப்பிடிப்பது போலக் கட்டிப்பிடித்து, முழங்காலை நடுவில் செருகி, மூச்சு வாங்கி ஏறவேண்டும். ஆனால் எல்லாமே அப்படித் தலைகீழாகத் தொங்குவது இல்லை, 5-க்கும் 6ஏ-க்கும் நடுவில் (வழி எவ்வளவு கடினம் என்று சொல்லும் கிரேடு இது, எண்ணும் எழுத்தும் ஏற ஏறக் கடினம்) நல்ல சரிவுச் சுவர்களும் ஏராளம். கிரேடும் கொஞ்சம் தாராளம். ஜிம்மில் 6ஏ ஏறுகிறவர் இங்கே வந்து 6பி ஏறிவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம், அதே ஆள் சார்டீனியாவில் பழைய 5சி ஒன்றில் நடுங்கிக்கொண்டு நிற்பார். நான் நின்றிருக்கிறேன்.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. முதலில் போய்ச் சேருவது. ஏதென்ஸ் வரை விமானம், அங்கிருந்து கோஸ் தீவுக்கு இன்னொரு விமானம், கோஸில் மஸ்திஹாரி துறைக்கு டாக்ஸி, அங்கிருந்து முக்கால் மணி நேரம் போல ஃபெர்ரி, அப்புறம் பொத்தியாவிலிருந்து மசூரிக்கு மறுபடி டாக்ஸி. இந்தியாவிலிருந்து போனால் ஒன்றரை நாள் இதிலேயே கரையும். காற்று பலமாக அடித்தால் ஃபெர்ரி நின்றுவிடும், அதனால் திரும்பும் விமானம் இருக்கிற அன்றைக்குக் காலையில்தான் தீவை விட்டுக் கிளம்புவேன் என்று இருக்கக்கூடாது, முந்தின இரவே கோஸுக்கு வந்துவிடுவது நல்லது. இரண்டாவது, பருவம். மார்ச் முதல் மே நடு வரை, செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, அவ்வளவுதான். ஜூலை, ஆகஸ்டில் பாறை தோசைக்கல். குளிர்காலத்தில் ஏற முடியும், ஆனால் மசூரியில் கடைகளும் விடுதிகளும் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும், சாயங்காலம் ஒரு சூப் கிடைக்க அலையவேண்டும். மூன்றாவது, அக்டோபர் கூட்டம். பிரபலமான சுவர்களில் கால் வைக்கும் இடங்கள் கண்ணாடி போல வழுக்குகின்றன, அத்தனை ஆயிரம் ஷூக்கள் தேய்த்துவிட்டன. நாலாவது, ஆடு. சிரிக்காதீர்கள். கைப்பையைத் திறந்து வைத்துவிட்டு ஏறினால் இறங்கி வரும்போது மதியச் சாப்பாடு இருக்காது, அது பரவாயில்லை, ஆனால் மேலே விளிம்பில் நடக்கிற ஆடுகள் கல்லைத் தள்ளிவிடும். கீழே கயிறு பிடித்து நிற்கிறவரும் ஹெல்மெட் போட்டே ஆகவேண்டும்.

வசந்தத்தில் போகிறவர்களுக்கு ஒரு துணுக்கு: கிரேக்க ஈஸ்டரின் போது பொத்தியாவைச் சுற்றியுள்ள குன்றுகளிலிருந்து டைனமைட் வெடிப்பார்கள். தீபாவளி லட்சுமி வெடியெல்லாம் இதன் முன்னால் கொட்டாங்கச்சி.

இத்தாலியின் சார்டீனியா முற்றிலும் வேறு. கலிம்னோஸைப் போல இருநூறு மடங்குக்கு மேல் பெரிய தீவு, சுமார் 24,000 சதுர கிலோமீட்டர். ஏறுகிறவர்கள் பெரும்பாலும் கிழக்குக் கரையில் கலா கொனோனே என்ற கடலோர ஊரைத்தான் தளமாக வைத்துக்கொள்வார்கள். ஒல்பியா விமான நிலையத்திலிருந்து காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். கார் இல்லாமல் இங்கே வரவே வேண்டாம், இந்திய லைசன்ஸோடு சர்வதேச டிரைவிங் பெர்மிட்டும் எடுத்துக்கொண்டு வரவேண்டும்.

ஊருக்குத் தெற்கே சாலை முடிகிற இடத்தில் கலா ஃபுயிலி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, கடற்கரையில் தொடங்கி உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் சுவர், பழகுகிறவர்களுக்கு அருமையான இடம். ஊருக்கு மேலே லா போல்த்ரோனா என்ற பெரிய சாய்ந்த பாறை, நாற்காலி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர், அதில் பல கயிற்று நீளம் கொண்ட வழிகள் இருக்கின்றன. ராமநகரத்துக் கால் பழக்கம் அங்கே கைகொடுக்கும். அப்புறம் கலா லூனா. கடற்கரை மணலிலேயே வரிசையாகப் பெரிய குகைகள், குகைக் கூரையில் கிளைம்பிங், ஏறி இறங்கினால் கால் மணலில். போட்டோவில் பார்ப்பதெல்லாம் இதுதான். படகில் போகலாம், இல்லையென்றால் ஃபுயிலியிலிருந்து மலைப்பாதையில் ஒன்றரை இரண்டு மணி நேரம் நடக்கவேண்டும்.

அந்தப் படகில்தான் என் கணக்கு உதைத்தது. கைடோடு நான் போன வாரத்தில் புதன்கிழமை கலா லூனா என்று திட்டம். காலையில் துறைக்குப் போனால் கடல் கொந்தளிப்பு, படகு இல்லை என்று பலகை. நடக்க நேரமில்லை என்று கைடு எங்களை உள்நாட்டுச் சுவர் ஒன்றுக்குக் கூட்டிப்போனார், மண் சாலையில் ஒரு கார் அடி தட்டி நின்றது, எல்லாரும் இறங்கித் தள்ளி, பாறையைத் தொடும்போது மணி 12. மறுநாளும் கடல் சரியாகவில்லை. அந்த வாரத்தில் நான் கலா லூனாவைப் பார்க்கவே இல்லை. கைடு மேல் தப்பில்லை, தீவின் அமைப்பே அப்படி: எல்லாமே ஒன்றுக்கொன்று தூரம், இடையில் மலை.

ஆனாலும் நான் மறுபடி ஒரு தீவுக்குப் போவதென்றால் அது சார்டீனியாவாக இருக்கலாம். காரணம் அகூலியா. கலா கொலோரிட்சே என்ற கடற்கரையின் மேல் ஊசி போல எழுந்து நிற்கும் 143 மீட்டர் கல். 1981-இல் மனோலோ என்று அழைக்கப்படும் மவுரித்சியோ சனொல்லாவும் அலெசாந்த்ரோ கொன்யாவும்தான் முதலில் அதன் உச்சியில் நின்றார்கள். கீழே இருக்கும் கடற்கரையே பெரிதும் 1962-இல் நடந்த நிலச்சரிவால் உருவானது. தங்கையால் இந்த வருடம் அதில் ஏற முடியாது, கைடு கயிறு பிடித்து இழுத்தால்தான் உண்டு. ஆனால் நடந்துபோய் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கலாம், மாப்பிள்ளை குளிக்கலாம். ஏறாதவர் ஒருவர் குடும்பத்தில் இருந்தால் சார்டீனியாவுக்கு மார்க் கூடும்: கடற்கரை, குகை, மலை, ஆட்டுப்பால் சீஸ், நூராகே என்கிற 3,000 வருடத்துக்கு முந்தைய கல் கோபுரங்கள். கலிம்னோஸில் ஏறாதவர் மூன்றாவது நாளே புத்தகம் தீர்ந்துபோய் உட்கார்ந்திருப்பார்.

இத்தாலியின் இன்னொரு தீவான சிசிலியைச் சுருக்கமாக முடித்துவிடலாம், அது ஒரே ஒரு கேள்விக்கான பதில்: டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில்தான் லீவு என்றால் எங்கே? தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சான் வீட்டோ லோ காப்போ. பலெர்மோ விமான நிலையத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சலினெல்லா என்ற சுவர் கடலோரமாகக் கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது, அதன் அடியிலேயே கேம்ப் போடும் இடமும் இருக்கிறது, நடை ஐந்து பத்து நிமிடம். சாயங்கால வெயில் நேராக விழும், ஜனவரியிலும் டி-ஷர்ட்டில் ஏறலாம். காற்றும் மழையும் வரலாம், அது குளிர்காலத்தின் குணம். கைடின் மணிநேரக் கணக்கில் கலிம்னோஸுக்கு அடுத்தபடி இதுதான், ஏனென்றால் எல்லாம் ஒரே வரிசையில். குறை என்னவென்றால் பாறை கூர், ஊசி ஊசியாக இருக்கும், மூன்றாம் நாள் விரல் நுனியில் தோல் இருக்காது. சாப்பாடு நான்கு தீவிலும் இங்கேதான் உசத்தி. கடல் தாண்டி எதிரே துனீசியா என்பதால் குஸ்குஸ் இங்கே உள்ளூர் உணவு, மீன் குழம்பு ஊற்றித் தருவார்கள், ரவை உப்புமாவின் பணக்காரச் சித்தப்பா மகன். செப்டம்பரில் அதற்கென்றே திருவிழா நடத்துகிறார்கள்.

ஸ்பெயினின் மயோர்க்காவைப் பற்றி இரண்டு விதமாகப் பேசவேண்டும், அங்கே இரண்டு விளையாட்டு. ஒன்று வழக்கமான கயிற்று ஏற்றம். பல்மா விமான நிலையத்துக்கு ஐரோப்பாவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் விமானம் உண்டு, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் த்ரமுந்தானா மலைத்தொடரின் அடியில் சா குபியா என்ற பெரிய சுவர், ஒரு கயிற்று நீளத்திலிருந்து முழு நாள் எடுக்கும் நீள வழிகள் வரை எல்லாம் இருக்கிறது. கிழக்குக் கரையில் கலா மக்ரனேர் என்ற சின்னக் குடாவில் எளிய வழிகள். அக்டோபர் முதல் மே வரை நல்ல பருவம். ஆனால் இங்கேயும் கார், இங்கேயும் தூரம், உங்களைச் சுற்றி சைக்கிள்காரர்கள். முதல் முறை ஐரோப்பா வருகிறவர் இதற்காக மட்டும் மயோர்க்காவைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இரண்டாவது விளையாட்டு, கயிறே இல்லாமல் கடலுக்கு மேல் ஏறி, கை விட்டால் தண்ணீரில் விழுவது. அங்கே இதற்கு சைக்கோபிளாக் என்று பெயர். 1978 வாக்கில் மிகேல் ரியேரா என்ற உள்ளூர்க்காரர் பல்மாவின் போர்த்தோ பி பக்கம் ஆரம்பித்து வைத்தது. 2006-இல் கிறிஸ் ஷார்மா என்ற அமெரிக்கக் கிளைம்பர் எஸ் பொந்தாஸ் என்கிற கடல் வளைவின் அடிப்பக்கத்தை, 9ஏ பிளஸ், பல தடவை விழுந்து எழுந்து ஏறி முடித்த பிறகு உலகமே இதைப் பார்த்தது. மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்க அலைமட்டம் மிகக் குறைவு என்பது இதற்கு ஒரு வசதி, காலையில் பார்த்த ஆழம் மாலையிலும் ஏறக்குறைய அதேதான். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தண்ணீர் வெதுவெதுப்பு. நான் செப்டம்பர் கடைசியில் போனேன். எட்டு மீட்டரிலிருந்து கை நழுவி, சரியாக நிமிராமல் பக்கவாட்டில் விழுந்து, தொடை முழுக்க நீலமாகி, உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி, ஷூ ஊறி, கைக்குப் பூசும் சாக்பீஸ் பொடி கூழாகி. அதுதான் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான கிளைம்பிங் நாள். ஆனால் இதற்கு நல்ல நீச்சல் வேண்டும், அலை அடிக்கும் பாறை ஓரத்திலிருந்து மேலே ஏறி வரத் தெரியவேண்டும், கைடு கண்டிப்பாக வேண்டும்: எங்கே அடியில் பாறை இருக்கிறது, எப்போது அலை மோசம் என்பது அவருக்குத்தான் தெரியும். தங்கைக்கு நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கம்தான் பழக்கம். மயோர்க்காவைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

இப்போது கைடு பற்றி. தீவை விட இதுதான் பெரிய முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு வழி, குழு வாரம். எந்த நிறுவனமாவது ஆறு பேரைச் சேர்த்து ஒரு கைடு கொடுத்து அறையும் சேர்த்து ஒரு விலை சொல்லும். மலிவு, துணை கிடைக்கும், தனியாக வருகிறவர்களுக்கு நல்லது. ஆனால் என் முதல் கைடு வாரம் இப்படித்தான் இருந்தது: ஆறு பேர், ஒரு கைடு, அதில் ஒருவர் அதற்கு முன்னால் இடுப்பில் கட்டும் ஹார்னஸே போட்டதில்லை. பதிவு செய்யும்போது "எல்லாரும் ஒரே நிலை" என்று சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டு காலையும் எட்டு முடிச்சு போடக் கற்றுக்கொடுப்பதில் போனது, மற்ற ஐந்து பேரும் நிழலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தோம். அந்த ஆளையும் குறை சொல்ல முடியாது, அவரும் காசு கொடுத்துத்தான் வந்தார்.

இன்னொரு வழி, தனி கைடு. ஐரோப்பாவில் சான்றிதழ் பெற்ற கைடுக்கு ஒரு நாளுக்கு 300 யூரோவுக்கு மேல் ஆகும், இரண்டு பேர் பிரித்துக்கொண்டாலும் கனம்தான். ஆனால் ஆறு நாளும் வேண்டியதில்லை. நான் தங்கைக்குச் சொன்னது: முதல் 3 நாள் தனி கைடு, நாலாம் நாள் ஓய்வு, அப்புறம் 2 நாள் நீங்களே. இது கலிம்னோஸில் சாத்தியம், ஏனென்றால் பல வழிகளின் அடியிலேயே பெயர் எழுதியிருக்கும், நல்ல வழிகாட்டிப் புத்தகம் உண்டு, போல்ட்டுகள் நெருக்கமாக இருக்கும், பக்கத்தில் எப்போதும் நாலு பேர் ஏறிக்கொண்டிருப்பார்கள், தீவில் மீட்புக் குழுவும் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று நாளில் கைடு உங்களை மேலே ஏற்றிவிட்டு இறக்கிவிட்டு "சூப்பர், சூப்பர்" என்று சொல்கிறவராக இருந்தால் பிரயோஜனமில்லை. முன்னால் கேளுங்கள்: மூன்றாம் நாள் முடிவில் நான் லீடு ஏறி (முதல் ஆளாகக் கயிற்றை போல்ட்டுகளில் மாட்டிக்கொண்டே போவது), உச்சி வளையத்தில் கயிறு கோத்து, என் சாமான்களை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கத் தெரிந்திருப்பேனா? விழுகிறவரை பிலேயில் (கீழே நின்று கயிறு பிடிப்பது) பிடிக்கப் பழகியிருப்பேனா? "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சான்றிதழையும் கேட்கவேண்டும். சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பின் பேட்ஜ் இருந்தால் கேள்வியே இல்லை. இத்தாலியில் மலை வழிகாட்டித் தொழில் 1989-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வருகிறது, உரிமம் இல்லாதவர் காசு வாங்கிக் கூட்டிப்போகக் கூடாது, அதனால் சார்டீனியாவிலும் சிசிலியிலும் "குயிதா ஆல்பினா" (guida alpina) என்ற சொல்லைத் தேடுங்கள்.

கயிறு விஷயம் ஒன்று. ஜிம் பழக்கத்தில் 40, 50 மீட்டர் கயிறு போதும் என்று நினைப்பார்கள். கலிம்னோஸில் 70 மீட்டர் குறைந்தபட்சம், சில வழிகளுக்கு 80. ஆளை இறக்கும்போது கயிறு தீர்ந்து, முனை பிலே கருவி வழியாக நழுவிப் போவது கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும், ஆனால் அனுபவசாலிகளே இதில் அடிபடுகிறார்கள். முனையில் ஒரு முடிச்சு, ஒவ்வொரு முறையும். கடலோரப் பாறைகளில் இன்னொரு கவலையும் உண்டு, போல்ட். உப்புக்காற்றில் சாதாரண இரும்பு மட்டுமில்லை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உள்ளுக்குள்ளே விரிசல் விட்டு, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உடையும். அதனால்தான் கடலை ஒட்டிய சுவர்களில் இப்போது டைட்டானியம் வைத்து ஒட்டுகிறார்கள். எந்தச் சுவரில் புது போல்ட், எந்தச் சுவரில் பழசு என்று ஊர் கைடுக்குத் தெரியும். கைடுக்குக் கொடுக்கிற காசில் பாதி இதற்கே சரியாகிவிடும் என்பேன்.

விசா நான்கு தீவுக்கும் ஷெங்கன்தான், அதனால் அதில் ஒப்பிட ஒன்றுமில்லை. எந்த நாட்டில் அதிக நாளோ அந்த நாட்டுத் தூதரகம், பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஆனால் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ இன்சூரன்ஸை வைத்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பெரும்பாலான பயணக் காப்பீடுகளில் சிறிய எழுத்தில் "சாகச விளையாட்டு நீங்கலாக" என்று இருக்கும். கயிற்றோடு ஏறுவதும், பாறையிலிருந்து தூக்கி வருவதும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்கவேண்டும். கலிம்னோஸில் ஸ்கூட்டர் எடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும், சர்வதேச பெர்மிட்டில் இருசக்கர வண்டிக்கும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் விழுந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். பாறையில் அடிபட்டு வருகிறவர்களை விட ஸ்கூட்டரில் தோல் உரிந்து மசூரித் தெருவில் நொண்டுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

இவ்வளவும் எழுதி, கடைசியில் என் ஓட்டு கலிம்னோஸுக்கு, அக்டோபர் முதல் இரண்டு வாரத்துக்குள், ஊர் கைடு 3 நாள் என்று முடித்து அனுப்பினேன். சிசிலி குளிர்காலத்துக்கு, மயோர்க்கா நீச்சல் கற்ற பிறகு, சார்டீனியா ஏற்றம் கைவந்த பிறகு.

இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. சார்டீனியாவாம். "அண்ணா, உன் கணக்குல நீ கார் ஓட்டற நேரத்தையெல்லாம் நஷ்டம்னு எழுதியிருக்க. அவருக்கு அதான் லீவு. மலைப்பாதையில கார் ஓட்டக் கிடைச்சா போதும், எங்கள எறக்கி விட்டுட்டு அவர் பாட்டுக்கு சுத்திட்டு வருவார். கலிம்னோஸ்ல அவரை ஒரே தெருவுல ஒரு வாரம் நடக்க விட்டா நாலாவது நாள் சண்டை வரும்." மாப்பிள்ளை ஏற்கெனவே ஒல்பியாவில் கார் புக் செய்துவிட்டாராம், மேனுவல் கியர்.

என் கணக்கில் அந்த வரி இல்லைதான். சரி என்று சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: கலா லூனாவுக்குப் படகில் போகும் நாளை புதன்கிழமைக்குத் தள்ளாதே, கைடிடம் சொல்லி முதல் நாளே வை. கடல் சரியில்லை என்றால் இன்னும் நாலு காலை கையில் இருக்கும்.